புகையைப் படிக்கிறவர்கள்

கறுப்பு என்றால் டீசல் கூடுதல், இல்லையென்றால் காற்று குறைச்சல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்துக்கு வந்தால் மன்னித்துவிடலாம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே தள்ளினால் நாசில் ஒழுகுகிறது, அல்லது ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பழைய டீசல் கார் வைத்திருக்கும் யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கக் கலக்கத்திலேயே இதை ஒப்பிப்பார். நானும் ஒப்பிப்பேன். ரோட்டில் எனக்கு முன்னால் போகிற வண்டியின் சைலன்சரைப் பார்த்து அதன் ஜாதகத்தைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன கர்வம்கூட உண்டு. ஆனால் கொஞ்ச காலமாக இந்தப் பாடம் ஒப்பிக்கும்போதெல்லாம் எங்கோ இடறுகிறது. தப்பான பாடம் ஒன்றுமில்லை, எல்லா வரியும் சரி. புகை எங்கிருந்து வருகிறது என்று அது துல்லியமாகச் சொல்கிறது. எங்கே போகிறது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

என் வண்டி அம்பாசிடர். 2003ஆம் வருஷத்தது, இசுசு டீசல் எஞ்சின். அம்பாசிடர் டீசல் என்று வாயெடுத்தால் இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். ஒரு கட்சிக்கு பிஎம்சி வழியில் வந்த 1489 சிசி எஞ்சின்தான் எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த உடம்புக்கு அதே குடும்பத்து எஞ்சின்தான் பொருந்தும் என்பார்கள். கம்ப்ரஷன் 23க்கு 1, தெருமுனை திரும்பும்போதே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடும் சத்தம், மேடு கண்டால் பெருமூச்சு. இன்னொரு கட்சி கான்டெஸ்ஸாவுக்கும் போட்ட 1995 சிசி இசுசுவின் பக்கம்: ஓவர்ஹெட் கேம், டைமிங் பெல்ட், ஐந்து கியர். உடம்பு ஐம்பதுகளின் இங்கிலாந்து, எஞ்சின் அதற்கு ஒரு தலைமுறை பிந்திய ஜப்பான், இரண்டும் சேர்ந்தது மேற்கு வங்கத்து உத்தரபாராவில். முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கட்சிச் சண்டையில் ஒரு துக்க வீட்டுச் சாயல் வந்துவிட்டது, இருந்தாலும் சண்டை நிற்கவில்லை. நான் இசுசுவின் கட்சி. மேட்டில் இழுக்கும் என்பதற்கு மேல் என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

பழைய டீசல் வாங்கப் போகிறவர் விடியற்காலையில் போக வேண்டும், கூடுமானால் சொல்லாமல். போனதும் பானட்டின் மேல் கையை வைக்க வேண்டும். தகரம் வெதுவெதுப்பாக இருந்தால் நமக்கு முன்னமே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சின் எடுக்காது என்று விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. சில்லென்று இருந்தால் சாவியை ஹீட்டரில் நிறுத்தி, விளக்கு அணையும்வரை காத்திருந்து அடித்துப் பார்க்கலாம். எடுத்ததும் சைலன்சர் பக்கம் ஓடாமல், முதலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் லைனரும் காலம் முடிந்தவை. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்திருக்கிறதே என்று பெட்ரோல் வண்டிக்காரர்கள் பதறுவார்கள். டீசலில் இன்று மாற்றிய ஆயில் நாளைக்கே கறுக்கும், அது அதன் குணம். விரலிடுக்கில் தேய்த்து, மணல்போல் நெருடுகிறதா, டீசல் வாசம் அடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மிதியடியைத் தூக்கித் தரைத் தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது, காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டின் மேல் நகர்த்தி எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே பட்டி அப்பியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது ஓனர், கடன் ரத்தாகியிருக்கிறதா, எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று புரட்டுவது எல்லாம் பிறகு. எஞ்சினில் பணத்தைப் போட்டால் ஏதாவது திரும்பும், துருவில் போட்டது போனதுதான் என்று புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் எஞ்சின் சாமான் விற்பவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகள் எதற்கும் கருவி வேண்டாம் என்பதுதான் இந்தப் பைத்தியத்தின் அடி. கை, காது, மூக்கு போதும். இன்றைய வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் லேப்டாப்பைச் சொருகி அது சொல்லும் எண்ணுக்குப் பொருள் தேட வேண்டும். என் வண்டியில் எஞ்சின் ஓடுவதற்குத் தேவையான மின்சாரம் என்றால், பம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர். அதற்கு 12 வோல்ட் கிடைத்தால் டீசலுக்கு வழி திறக்கும், சாவியை அணைத்தால் அடைத்துக்கொள்ளும். அதற்கப்பால் எல்லாம் உலோகமும் எண்ணெயும். டைமிங் ஒரு பல் தள்ளிப்போனால் காதுக்குத் தெரியும். டீசல் ஃபில்டரில் காற்று ஏறினால் மூச்சு வாங்கும், நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால் குமிழி நின்று டீசல் சுத்தமாக வழியும்போது விரலுக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் மறைக்கத் தெரியாத ஒரு பிராணியோடு வாழ்வதுபோல. இந்த மறைக்கத் தெரியாமைக்கு மயங்கித்தான் இவ்வளவு பேர் இந்தப் பழைய டீசல்களைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று நினைக்கிறேன். மைலேஜ், முரட்டுத்தனம் எல்லாம் வீட்டில் சொல்லும் காரணங்கள்.

டீசல் பம்பைப் பழுதுபார்க்கும் பம்ப் ரூம் ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் இந்த மயக்கம் முற்றிவிடும். மற்ற ஒர்க்‌ஷாப் மாதிரி இருக்காது. செருப்பை வாசலில் விட வேண்டும், மின்விசிறியைப் போடக் கூடாது, தூசு பறக்கும். கோவையில் நான் போகிற இடத்தில் பெரியவர் என் பம்பைப் பிரித்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். போஷின் விஇ வகை. இதில் பிளஞ்சர் ஒன்றே ஒன்றுதான், சுண்டுவிரல் பருமன். சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய் நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலை அனுப்பும் வேலை முழுக்க அதனுடையது. அதற்கும் அது ஓடும் துளைக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. கையிலிருந்து அதைத் துளைக்குள் விட்டார். தன் எடையிலேயே, எண்ணெய்க்குள் மூழ்குகிற மாதிரி மெல்ல இறங்கிற்று. "பாத்தீங்களா தம்பி, இன்னும் பிடிமானம் போகலீங்க" என்றார். பிறகு நாசிலைக் கைப்பம்பில் மாட்டி அழுத்தினார். நூறு கிலோவைத் தாண்டி முள் ஏறியதும் கிரீச்சென்று ஒரு சத்தம், நாசிலின் நுனியில் வெள்ளைக் கூம்பாகப் பனி. ஆசையாக இருக்கும், தொடக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரும். கடைசியில் பம்பைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டினார். நாலு பைப், நாலு கண்ணாடிக் குழாய். ஸ்ட்ரோக் எண்ணி நின்றதும் அவர் எழுந்து குனிந்து, கண்ணைக் குழாயின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நுரை அடங்கட்டும் என்று அசையாமல் இருந்தார். மூன்றாவது குழாயில் மட்டம் ஒரு கோடு தாழ்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்காக மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார்.

இத்தனை கவனத்தை உலகத்தில் வேறு எதற்குக் கொடுத்திருக்கிறோம் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதே அறையில்தான் டீசலைப் பற்றிய புலம்பலும் நடக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 டீசல் வந்தபோது கந்தகத்தின் அளவு 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. கந்தகத்தைப் பிரிக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் போய்விடுகிறது; எண்ணெய் நிறுவனங்கள் அதை ஈடுகட்ட வேறு மருந்து சேர்க்கின்றன. விஇ பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, அது டீசலிலேயே குளித்து டீசலாலேயே வழுக்கி ஓடுவது. ஆகவே எங்களில் பாதிப் பேர் டேங்க் நிரப்பும்போதெல்லாம் கொஞ்சம் டூ-டி ஆயிலைச் சேர்த்து ஊற்றுகிறோம், பம்ப் தேயக் கூடாதே என்று. கந்தகம் குறைந்தது ஊர் முழுக்க மூச்சு விடுகிற எல்லோருக்கும் நல்ல செய்தி. எங்கள் பேச்சில் அது பம்புக்கு வந்த கேடாக மட்டுமே வரும். டூ-டி ஆயில் எரிந்து வெளியே போவது எங்கே என்ற கேள்வி எழும்பியதாக எனக்கு நினைவில்லை.

பம்பை மறுபடி வண்டியில் மாட்டி டைமிங் வைத்த அன்று பெரியவர் ஒர்க்‌ஷாப் பையனிடம் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார். எல்லா இடத்திலும் செய்வதுதான். உள்ளே ஒருவர் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று மிதிப்பார், பின்னால் ஒருவர் சைலன்சர் வாய்க்கு நேரே துணியை விரித்துப் பிடிப்பார். துணியில் விழும் கறையைப் பார்த்து நாசில், பம்ப், ரிங் மூன்றின் நிலையையும் சொல்லலாம். பையன் நன்றாகவே படித்தான். "கறுப்புதாங்ணா, காஞ்ச கறுப்பு. ஓரத்துல மட்டும் லேசா ஈரம் இருக்குது" என்றான். ஈரம் என்றால் ஆயிலா டீசலா என்று பெரியவர் கேட்டார். அவன் துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, டீசல் என்றான். மறுபடி மிதிக்கச் சொன்னார்கள், மறுபடி அவன் குந்தினான். துணியின் இரண்டு பக்கமும் புகை பிதுங்கி அவன் தோளுக்கு மேல் போனது. எங்கள் மூன்று பேரின் கவனமும் துணியில்தான் இருந்தது, அவனுடையதும். படிக்க வேண்டியது அங்கேதானே இருக்கிறது. துணி என்பது புகையில் ஒரு சிறு பங்கைத் தடுத்து நிறுத்திக் காட்டுகிற பொருள், மீதியைத் தடுத்து நிறுத்துகிற இன்னொரு பொருளும் அங்கே குந்தியிருந்தது என்று பிறகு எப்போதோ தோன்றியதிலிருந்துதான் பாடம் இடற ஆரம்பித்தது.

2012 ஜூன் மாதம் லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்து, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் வைத்தது. சுரங்கத்துக்குள் டீசல் யந்திரங்களோடு வேலை செய்தவர்களின் நுரையீரல்கள் அதற்கு முக்கியமான சாட்சி. இதை நான் செய்தித்தாளில் படித்தேன், எல்லோரையும்போல. படித்தது ஒரு அறையில் இருந்தது, புகையின் நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் அறிவு பக்கத்து அறையில் இருந்தது, நடுவில் கதவில்லை. இதை அறியாமை என்று சொல்ல முடியாது. ஒரு பொருளை மிக நெருக்கமாகக் கவனிக்கிறவனுக்கு வருகிற ஒரு விதக் குருட்டுத்தனம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கவனம் வண்டியின் தகரத்தோடு முடிந்துவிடுகிறது. புகைக் குழாயின் விளிம்புவரை அது என் வண்டி. விளிம்பைத் தாண்டிய பிறகு அது காற்று, காற்றுக்கு ஆர்.சி. புத்தகம் இல்லை.

எங்களிடம் வாதங்கள் இல்லாமல் இல்லை. முதல் வாதம்: ஒரு புதுக் கார் செய்ய எவ்வளவு இரும்பு, எவ்வளவு நிலக்கரி, இருப்பதை ஓட்டுவதுதான் பூமிக்கு நல்லது. இதில் உண்மை இருக்கிறது, குறிப்பாக மாதத்துக்குச் சில தடவை மட்டும் வெளியே எடுக்கிற என்போன்றவர்கள் விஷயத்தில். ஆனால் அது கரியமில வாயுவின் கணக்கு, வானத்துக்கு உரியது. கரித்தூளின் கணக்கு தெருவுக்கு உரியது, பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கும் சிக்னலில் பூ விற்பவருக்கும். முதல் கணக்கில் மிச்சம் பிடித்ததை இரண்டாவதில் வரவு வைக்க முடியாது. இரண்டாவது வாதம் இன்னும் ருசியானது: பழைய வண்டி பொய் சொல்லாது, அது தள்ளுகிற புகை கண்ணுக்குத் தெரிகிறது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டபோது எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். சோதனையில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் போட்டிருந்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, துணியில் ஒட்டாது. பார்த்தீர்களா, நவீனம் என்பது புகையை நிறுத்தியதில்லை, ஒளித்து வைத்தது என்று பேசினோம்.

பேசிய வாய்க்கு நம்மூர் புகைச் சோதனை நினைவு வரவில்லை. என் வண்டி வயதுள்ளவற்றுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. குழாயில் கருவியைச் சொருகி, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பார்ப்பார்கள். பழைய எஞ்சின் அப்படி அலறும்போது டைமிங் பெல்ட்டை நினைத்து ஓனர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தேறாது என்று தோன்றினால் முந்தின நாள் பம்பின் பின்னால் இருக்கிற டீசல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுப்பார்கள். வண்டி சோனியாக, புகையில்லாமல் போய்ச் சான்றிதழ் வாங்கி வரும். மறுநாள் ஸ்க்ரூ பழையபடி உள்ளே. இது ஊரறிந்த ரகசியம். அங்கே மென்பொருள் செய்த வேலைக்கு இங்கே ஒரு ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் போதும்.

சிலர் எரிபொருளையே மாற்றிப் பார்த்தார்கள். பழைய டீசலின் பெருமைகளில் ஒன்று அது எதையும் குடிக்கும் என்பது. 1900ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அதைப் பற்றி ருடால்ஃப் டீசலே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். 1913இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் ஏறி நடுக்கடலில் காணாமல் போனவர் அவர். அவருடைய முடிவைப் பற்றி எங்களில் ஆளுக்கு ஒரு துப்பறியும் கதை உண்டு, இங்கே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பலகாரக் கடையில் வடை பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி டீசலில் கலந்து ஓட்டினார். அவர் வண்டிக்குப் பின்னால் நின்றால் சாயங்காலக் கடைத்தெரு மணக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டது தனிக் கதை. எனக்கு அதில் கவலையளித்தது மணம்தான். நாறும்போது மூக்கைப் பொத்துகிற கையாவது எழும். வடை மணத்தை நாங்கள் எல்லோரும் பின்னால் போய் நின்று ஆழமாக இழுத்துப் பார்த்தோம்.

டெல்லியின் கதை தெற்கே எங்களுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது. பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி தலைநகர வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பங்க்கில் எரிபொருளே ஊற்றக் கூடாது என்றார்கள், சில நாளிலேயே அதை நிறுத்தியும் வைத்தார்கள். சட்டம் இழுபறியாக இருந்தாலும் சந்தைக்கு இழுபறி இல்லை. நல்ல நல்ல செடான்கள் தடையின்மைச் சான்றோடு லாரி ஏறி இங்கே வந்தன, பாதி விலைக்கு. டெல்லி வண்டி, துரு இல்லை என்று கண்கள் மின்னப் பேசிக்கொண்டோம். டெல்லிக் குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது என்று தீர்ப்பான ஒன்று கோயம்புத்தூர்க் குழந்தைகளுக்கு எப்படி ஆகும் என்பது விலை பேசும் இடத்தில் கேட்கிற கேள்வியாக இல்லை. கேட்டால் விலை இன்னும் குறைந்திருக்குமோ என்னவோ.

விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். விற்றால் வாங்குகிறவர் வாடகைக்கு ஓட்டுவார், தினமும் ஓட்டுவார், ஸ்க்ரூவை உள்ளே தள்ளி ஓட்டுவார். இது என் ஆசைக்கு நான் தேடிக்கொண்ட சாக்கா, உண்மையான காரணமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சாக்குகளில் நல்லவை உண்மையாகவும் இருந்து தொலைக்கின்றன. உடைக்கக் கொடுக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பிளஞ்சர் எண்ணெயில் மெல்ல இறங்கியதுதான் கண்முன் வருகிறது, கை வரமாட்டேன் என்கிறது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் பத்தாயிரம் ரூபாய் ஆக்கிவிட்டார்கள். கட்டணத்தை ஏற்றினால் ஏழை டாக்ஸிக்காரர் விட்டுவிடுவார், என்போன்ற ஆசைக்காரர் கட்டிவிடுவார். புகை ஒன்றுதான்.

செய்ததைச் சொல்கிறேன், பெரிய காரியம் இல்லை. பம்ப் ரூம் பெரியவரிடம் போய் டீசல் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுக்கச் சொன்னேன்.

"ஏனுங் தம்பி, வண்டி நல்லாத்தானே இழுக்குது?"

"புகை ஜாஸ்தியா இருக்குங்கண்ணா."

"டெஸ்ட்டு வருதுங்களா?"

"இல்லீங்க, சும்மாத்தான்."

அவர் எடுத்தார். சீல் கம்பியைக் கட்டிக்கொண்டே, மறுபடி எப்போது ஏற்ற வரவேண்டும் என்று கேட்டார். ஏற்ற வேண்டாம் என்றேன். எஞ்சினுக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நாலு பேர் ஏறினால் இழுக்காது, அப்புறம் பம்பைக் குறை சொல்லிக்கொண்டு வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் தொழிலில் பெயர் முக்கியம். துணிவைத்துப் பார்த்ததில் கறை வெளுத்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு குறைந்தது என்பதற்கு அது அத்தாட்சி. கண்ணுக்குத் தெரியாத பொடியைப் பற்றித் துணிக்கு எதுவும் தெரியாது.

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது, முன்பு இரண்டாவது கியரில் போன இடமெல்லாம் இப்போது முதல் கியர் கேட்கிறது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பழையபடி ஸ்க்ரூவை உள்ளே தள்ளிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைப்பேன், தாளவாடிப் பக்கத்துச் சிநேகிதர்கள் வண்டியில் இருந்தால் இன்னும் பலமாக நினைப்பேன். போன முறை போனபோது எனக்குப் பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லில் கணவனும் மனைவியும், அவர்கள் மடியில் ஒரு மூட்டையும். எனக்கு முன்னால் ஒரு மக்காச்சோள லாரி, வளைவுக்கு வளைவு கறுப்பாகக் கக்கிக்கொண்டு. ஏர் ஃபில்டர் அடைப்பு, இரண்டாவது நாசில் காலி என்று என் வாய் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கை கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தது.